ஒரு சாண் உயரத்தில்

சாத்தாங்காடு,
11 பிப்ரவரி 2001

அன்புத் தங்கை எழில்மொழிக்கு,

அண்ணன் செங்குட்டுவன் எழுதுவது. நானும் உன் அண்ணி மங்கையும் குழந்தை மாயாவும் சுகம். அங்கே பனியில் உன் மூக்கு உதிராமல் இருக்கிறதா என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. கிரேன் கேபினில் உட்கார்ந்திருக்கிறேன். கீழே இன்னும் லாரி வரவில்லை. தரையிலிருந்து முப்பதடி உயரத்தில் எனக்கு ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, ஒரு மின்விசிறி. எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் வரைக்கும் தெரியும். வீட்டில் எழுத உட்கார்ந்தால் அண்ணி ஒரு பக்கம், மாயா ஒரு பக்கம் எட்டிப் பார்த்து அதை எழுது, இதை எழுது என்று உயிரை எடுக்கிறார்கள். டெலிபோன் பூத்தில் போய்ப் பேசலாம் என்றால் மீட்டர் ஓடுவதைப் பார்த்ததும் எனக்கு வாயடைத்துவிடும். இன்டர்நெட் கடையில் தட்டுவது என் விரல்களுக்கு ஆகாத வேலை. அதனால் கடிதம்தான்.

காலடிப்பேட்டையில் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள், உன் தங்கச்சி ஜப்பானில் என்ன படிக்கிறாள் என்று. டாக்டர் பட்டம்தான், ஆனால் ஊசி போட மாட்டாள் என்கிறேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது. நேற்று வெள்ளத்துரையும் கேட்டான். வெள்ளத்துரை எங்கள் இரும்பு யார்டு கலாசி. நான் மேலே தூக்குவதும் இறக்குவதும் அவன் கீழே நின்று காட்டுகிற கையைப் பார்த்துத்தான். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கைதான் எனக்குக் கண். அவனிடம் தெரியாது என்று சொல்ல வெட்கமாகப் போய்விட்டது. ஐ.டி.ஐ. முடித்தவனுக்குப் புரிகிற மாதிரி எழுது.

லாரி வந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
குட்டுவன்


செண்டாய்,
4 மார்ச் 2001

அன்புள்ள அண்ணனுக்கு,

எழில் எழுதுவது. மூக்கு பத்திரம், காதுதான் சந்தேகம். அண்ணிக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மாயாவுக்கு ஆடிய பல் விழுந்ததா? விழுந்த பல்லை எனக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாளாம், வேண்டாம் என்று சொல்.

சரி, கேள். நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி எண்ணெய்ப் படலம் மாதிரி மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தப் படலத்தில் புரதங்கள் மிதக்கின்றன. சில புரதங்கள் கதவு, சில அழைப்பு மணி. வெளியே நடப்பதை உள்ளே சொல்வதும், உள்ளே வேண்டியதை வாங்கி அனுப்புவதும் அவைதான். அவை இஷ்டம்போல் சுற்றுகின்றனவா, எதிலாவது கட்டப்பட்டுக் கிடக்கின்றனவா என்பதுதான் எங்கள் கேள்வி.

புரதம் அவ்வளவு சிறியது, எந்த மைக்ராஸ்கோப்பிலும் அது நகர்வதைப் பார்க்க முடியாது. அதனால் அதன் தலையில் ஒரு பொன் துகளை மாட்டிவிடுகிறோம். ஒரு மில்லிமீட்டரை இருபத்தையாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு, அதுதான் துகளின் அகலம். துகளின் மேல் கொக்கிகள் மாதிரி வேறொரு புரதத்தைப் பூசுவோம். கொக்கி போய் நம் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் துகள் ஒரு புள்ளியாகத் திரையில் தெரியும். புள்ளி எங்கே போகிறதோ அங்கே புரதம் போகிறது. பார்ப்பதோடு நிற்கவில்லை, லேசர் ஒளியால் அந்தத் துகளைப் பிடித்து இழுக்கவும் செய்கிறோம். எவ்வளவு தூரம் வருகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று அளக்கிறோம்.

தங்கமா என்று அண்ணி கேட்பார். நான் இதுவரை பயன்படுத்திய தங்கம் முழுவதையும் சேர்த்தால் ஒரு மூக்குத்திக்குப் பூச்சு பூசக்கூடக் காணாது என்று சொல்லிவிடு.

நீயும் தூக்குகிறாய், நானும் தூக்குகிறேன். உன்னுடையது டன் கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
எழில்


சாத்தாங்காடு,
30 மார்ச் 2001

எழிலுக்கு அண்ணன் எழுதுவது.

எல்லாரும் நலம். பல் விழுந்தது. அதை அண்ணி கூரை மேல் வீசிவிட்டதால் நீ தப்பித்தாய்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வெள்ளத்துரைக்குப் படித்துக் காட்டினேன். பாதி படிக்கும்போதே அவன் முந்திக்கொண்டான். அவன் காத்திவாக்கத்துக்காரன், யார்டு வேலை இல்லாத நேரத்தில் கழிமுகத்துச் சேற்றில் இறங்கி இறால் பிடிக்கிறவன். "இன்னா மாமு பெரிய விசயம், வலை தண்ணிக்குள்ள கீது, கண்ணுக்குத் தெரியாது. மேல மெதக்குற கட்டய பாத்துதான வலை எங்க போவுதுன்னு சொல்றோம்? உன் தங்கச்சி அந்தக் கட்டயத்தான் பாக்குது" என்றான். நான் நாலு தடவை படித்துப் புரிந்துகொண்டதை அவன் ஒரு பீடிக்குள் முடித்துவிட்டான். எரிச்சலாக இருந்தது.

நீயும் தூக்குகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதற்காக என் வித்தை ஒன்றைச் சொல்கிறேன். என் கிரேனில் கொக்கி கிடையாது, மேக்னெட்டு. கரண்டு விட்டால் இரும்புத் தகடு வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் மேக்னெட்டுக்குப் பேராசை. மெல்லிய தகடாக இருந்தால் ஒன்றை எடுக்கச் சொன்னால் அடியில் இருப்பதையும் சேர்த்து எடுத்துவிடும். மேலே இருந்து பார்த்தால் எனக்குத் தெரியாது. அதனால் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துவேன். வெள்ளத்துரை கடப்பாரையால் ஓரத்தில் ஒரு தட்டு தட்டுவான். ஒற்றைத் தகடு என்றால் 'ணங்' என்று நீளமாகப் பாடும். இரண்டு ஒட்டியிருந்தால் 'டப்'. அப்போது கரண்டைக் கொஞ்சம் குறைப்பேன், அடித்தகடு விழும். ஒரு சாண்தானே, ஒன்றும் ஆகாது. பிறகு அவன் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே போய் நின்று கை காட்டுவான். அதற்கு அப்புறம்தான் மேலே தூக்குவேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை.

உன் ஒளிக்கு இப்படி வித்தை உண்டா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


செண்டாய்,
22 ஏப்ரல் 2001

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். இங்கே செர்ரி மரங்கள் பூத்துக் கொட்டிவிட்டன, நான் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. காரணம் சந்தோஷமானது.

என் புரதம் நகரவே மாட்டேன் என்கிறது. மற்ற புரதங்களெல்லாம் சவ்வில் அலைகின்றன, இது மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இழுத்தால் கொஞ்சம் வருகிறது, விட்டால் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. அடியில் எதிலோ கட்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம். இதை இதுவரை யாரும் சொன்னதில்லை. எட்டு மாத வேலை, நாற்பது பதிவுகள். பேராசிரியர் மொரிதா சாதாரணமாகச் சிரிக்க மாட்டார், நேற்று இரண்டு தடவை சிரித்தார். கோடையில் கட்டுரை அனுப்புகிறோம். இது அச்சில் வந்தால் என் பட்டமும் முடிந்த மாதிரிதான். அடுத்த பொங்கலுக்கு ஊரில் இருப்பேன்.

வெள்ளத்துரை அண்ணனுக்கு இந்தக் கடிதத்தைக் கட்டாயம் படித்துக் காட்டு. மிதவைக் கட்டை கதையை இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். என் மிதவை நகரவில்லை, வலை பாறையில் மாட்டிக்கொண்டது என்று அவரிடம் சொல். அவர் என்ன சொல்கிறார் என்று எழுது.

அண்ணிக்கும் மாயாவுக்கும் முத்தங்கள்.

எழில்


திருவொற்றியூர்,
17 ஜூன் 2001

எழிலுக்கு,

இங்கு அனைவரும் இருக்கிறோம். நீ நலமா? பதில் தாமதமாகிவிட்டது. யார்டில் கொஞ்சம் நெருக்கடி. வெயிலும் அதிகம்.

உன் கடிதம் கிடைத்தது. நல்ல சேதி. மாயா உன் போட்டோவைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்க் காட்டினாள்.

வெள்ளத்துரைக்கு யார்டில் காலில் அடிபட்டுவிட்டது. இடது பாதம் பாதி போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். தகடு விழும்போது கோட்டுக்கு உள்ளே நின்றுவிட்டானாம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ஒரு மாதமாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பொன் துகள் ஒரு புரதத்தைத்தான் பிடிக்கிறதா? இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் திரையில் உனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே புள்ளியாகத்தானே தெரியும்? தட்டிப் பார்த்தாயா?

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்


செண்டாய்,
8 ஜூலை 2001

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து மனசு சரியில்லை. எப்படி நடந்தது? எந்தத் தேதியில்? யார்டில் அவருக்கு ஏதாவது செய்கிறார்களா? அவருடைய சம்சாரம் சிலுவையம்மாளுக்கு யார் துணை? பன்னிரண்டு வருஷமாக உன் கண்ணாக இருந்தவர் என்று எழுதினாய், அவருக்கு நடந்ததை மூன்று வரியில் முடித்துவிட்டாயே. உனக்கு ஒன்றும் இல்லையே?

தாள்கூட மாறியிருக்கிறது. மாயாவின் கோடு போட்ட நோட்டுத் தாள். எடைச்சீட்டில் இருக்கிற கிரீஸ் கைரேகை இல்லாமல் உன் கடிதம் மாதிரியே இல்லை. கேபினில் எழுதுவதில்லையா இப்போது?

உன் கேள்விக்குப் பதில்: அதெல்லாம் ஆரம்பத்திலேயே பார்த்தாயிற்று. இந்த ஆய்வகத்தில் பத்து வருஷமாக இதே அளவு கொக்கிதான் பூசுகிறார்கள். இங்கே இருப்பவர்களுக்குத் தோன்றாத சந்தேகமா உனக்கு என்று கேட்கத்தான் வந்தது. கேட்டுவிட்டேன், மன்னித்துக்கொள். கட்டுரை வேலையில் இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

சீக்கிரம் எழுது.

எழில்


செண்டாய்,
19 ஆகஸ்ட் 2001

அன்புள்ள அண்ணனுக்கு,

அங்கே எல்லாரும் நலமா? உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆனாலும் நான் எழுத வேண்டியிருக்கிறது. இதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

உன் கேள்வியைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நினைத்தேன். அது போகவில்லை. கட்டுரையை அனுப்பிவிட்டு, கை சும்மா இருந்த ஒரு மத்தியானம் பழைய பதிவுகளை மறுபடி போட்டுப் பார்த்தேன். நாற்பதில் பதினொன்றைப் பழுது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அவற்றில் பலமாக இழுத்தபோது துகள் திடீரென்று இலேசாகி ஓடிவிடும். கொக்கி கழன்றுவிட்டது என்று நானே முடிவுகட்டியிருந்தேன். கழன்றிருந்தால் துகள் சவ்வை விட்டே போயிருக்க வேண்டும், அண்ணே. போகவில்லை. சவ்வின் மேலேயேதான் ஓடியது. அப்படியானால் இன்னும் ஒரு புரதம் அதன் பிடியில் இருந்தது. கீழே விழுந்தது மற்றது.

கொக்கிகளைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பூசி மறுபடி செய்தேன். என் புரதம் ஓடுகிறது. மற்ற எல்லாப் புரதங்களையும் போலவே சாதாரணமாக அலைகிறது. அதை யாரும் எதிலும் கட்டவில்லை. என் துகள்தான் நாலைந்தைச் சேர்த்துப் பிடித்து, சவ்வின் அடியில் இருக்கிற இழைகளில் சிக்க வைத்து, நகர விடாமல் வைத்திருந்தது. நான் அளந்தது புரதத்தை இல்லை, நான் கட்டிய மூட்டையை.

கட்டுரை ஏற்கெனவே பத்திரிகைக்குப் போய்விட்டது. இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் அச்சாகும், பட்டம் வரும், பொங்கலுக்கு ஊர். சொன்னால் எட்டு மாதம் போச்சு, பேராசிரியர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. ஏதாவது சொல்.

எழில்


திருவொற்றியூர்,
9 செப்டம்பர் 2001

எழிலுக்கு,

நாங்கள் நலம். நீ சாப்பிடாமல் கிடக்காதே.

உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன், நீ யோசித்துச் சொல். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? யாருக்காவது நஷ்டம் உண்டா? அந்தப் புரதத்துக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. உலகத்தில் எத்தனையோ காகிதத்தில் எத்தனையோ பேர் என்னென்னவோ எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதோடு சேர்ந்து இதுவும் ஒன்று என்று போய்விடாதா?

போன ஞாயிற்றுக்கிழமை காத்திவாக்கம் போனேன். வெள்ளத்துரை வாசலில் உட்கார்ந்து யாருடைய வலையையோ கட்டிக்கொண்டிருந்தான். இனி சேற்றில் கால் ஊன்ற முடியாது, அதனால் இறாலுக்குப் போக மாட்டான். யார்டிலும் அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விதியை மீறிக் கோட்டுக்குள் நின்றவனுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்றுவிட்டார்கள். விழுந்தபோது தலையிலும் அடி, அன்றைக்குக் காலையிலிருந்து நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மற்றவர்கள் சொன்னதுதான் அவனுக்குத் தெரியும்.

என்னைப் பார்த்ததும் அவன் என்ன சொன்னான் தெரியுமா? "மாமு, என்னால உனக்கு எம்மாம் பேஜாரு. கோட்டுக்குள்ள போயி நின்னேன் பாரு, அவ்ளோதான் என் புத்தி. மனசுல வச்சிக்காத."

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான், எழில். நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ என்ன செய்தாய் என்று எழுது.

அண்ணன்


செண்டாய்,
7 அக்டோபர் 2001

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். இதைச் சும்மா எழுதவில்லை, நிஜமாகவே நலம்.

நீ கேட்ட கேள்வியைத்தான் நானும் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கு நஷ்டம்? அப்புறம் இப்படித் தோன்றியது. நாளைக்கு யாரோ ஒரு பெண் என் கட்டுரையை நம்பி, அந்தப் புரதத்தைக் கட்டியிருக்கிற கயிற்றைத் தேடி மூன்று வருஷம் உட்காருவாள். கிடைக்காது. கிடைக்காததற்குத் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு பதினொரு பதிவுகளையும் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுநாள் கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினார். எனக்குப் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. பொங்கலுக்கு வர முடியாது, மாயாவிடம் நீயே சொல்லிவிடு. இப்போது ஆய்வகத்தில் எல்லாரும் தங்கள் கொக்கிகளைக் குறைத்துப் பார்க்கிறார்கள். இப்படிச் செய்யாதீர்கள் என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதப்போகிறோம்.

அதில் நன்றி சொல்லும் இடத்தில் உன் பெயரைப் போட வேண்டும் என்கிறார் பேராசிரியர். செங்குட்டுவன், கிரேன் ஆபரேட்டர், சாத்தாங்காடு. இந்தக் கேள்வி உன் அண்ணனுக்கு எப்படித் தோன்றியது என்று என்னைக் கேட்டார். நீ எழுதிய ஒரு சாண் கதையைச் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கதையை நீ மார்ச்சில் எழுதினாய். அப்போது உனக்கு இந்தச் சந்தேகம் வரவில்லை. கேள்வியை ஜூனில் கேட்டாய், கோடு போட்ட தாளில்.

நடுவில் என்ன நடந்தது, அண்ணே?

எழில்


திருவொற்றியூர்,
4 நவம்பர் 2001

என் எழிலுக்கு,

நீ சுகமாக இருப்பாய். அண்ணியும் மாயாவும் சுகம். மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

மே 19. சனிக்கிழமை, மத்தியானம். மூன்று லாரி வரிசையில் நின்றது. உன் ஏப்ரல் கடிதம் அன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. கேபினில் ஏறும்போதே பிரித்து ஒரு தடவை படித்துவிட்டேன். சீக்கிரம் கீழே இறங்கி வெள்ளத்துரைக்குப் படித்துக் காட்ட வேண்டும், உன் புரதம் பாறையில் மாட்டிக்கொண்ட கதையைக் கேட்டு அவன் என்ன சொல்வான் என்று பார்க்க வேண்டும். அதுதான் என் புத்தியில் இருந்தது. இதனால் உன்மேல் ஒரு பொட்டுத் தப்பும் இல்லை. இதற்காகவே இத்தனை நாள் எழுதவில்லை, நீ இதை உன் தலையில் ஏற்றிக்கொள்வாய் என்று.

ஒரு சாணில் நிறுத்தவில்லை. நேரே தூக்கினேன். அவன் கடப்பாரையை எடுத்தான், தகடு அவன் தலைக்கு மேலே போய்விட்டதைப் பார்த்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே போனான். பன்னிரண்டு அடி உயரத்தில் அடித்தகடு கழன்றது. தகடு நேராக விழாது, எழில். சாய்ந்து வந்து ஓரம் தரையில் பட்டு வழுக்கிக்கொண்டு போகும். கோட்டைத் தாண்டி இரண்டடி போய் அவன் காலில் நின்றது. அவன் வெளியேதான் நின்றான். நான் மேலிருந்து பார்த்தேன். மற்றவர்கள் லாரிக்கு அந்தப்பக்கம் இருந்தார்கள். பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் மேனேஜர் சுப்பராயன் ஒரு தாளைக் கொண்டுவந்தார். "ஒரே ஒரு வரிதான் குட்டுவா. அவன் கோட்டுக்குள்ள நின்னான். அவன் கால் எப்டியும் வரப்போறதில்ல. உன் வேலையாவது தங்கட்டும்" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். உனக்குக் கடிதம் எழுதுகிற இதே கையால். விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டபோதும் அதையே சொன்னேன்.

அண்ணிக்குக்கூடத் தெரியாது. கேபினில் இப்போது எழுத முடியவில்லை. உட்கார்ந்தால் கீழே புதுக் கலாசி நிற்கிற இடத்தைத்தான் கண் பார்க்கிறது.

உன்னிடம் கேட்ட கேள்வி மூளையிலிருந்து வந்ததில்லை. அந்த நாளிலிருந்து எதைத் தூக்கினாலும், மங்கை அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்தால்கூட, ஒன்றா இரண்டா என்று மனசு கேட்கிறது. உன் கடிதத்தைப் படிக்கும்போதும் கேட்டது. அவ்வளவுதான்.

நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரைப் போடாதே. கேட்டுக்கொள்கிறேன்.

குட்டுவன்


செண்டாய்,
20 நவம்பர் 2001

அண்ணே,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதை முதலில் எழுதுகிறேன்.

கடிதத்தைப் பல தடவை படித்தேன். அழுதேன். வெள்ளத்துரை அண்ணனுக்காகவும் அழுதேன், உனக்காகவும் அழுதேன், கோபமும் வந்தது. பரவாயில்லை விடு என்று உனக்கு எழுத எனக்கு வரவில்லை.

பேராசிரியரிடம் உன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. கட்டுரை ஜனவரி கடைசியில் போகிறது. அதுவரை அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

சொல்லப் போகும்போது பேராசிரியர் அறை வாசல் வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தேன். சொன்ன அன்று இரவு எட்டு மணி நேரம் தூங்கினேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

எழில்


திருவொற்றியூர்,
23 டிசம்பர் 2001

அன்புத் தங்கை எழிலுக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லாரும் நலம். அண்ணிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். மூன்றாம் நாள், எப்போது காத்திவாக்கம் போகப்போகிறாய் என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பர் இரண்டாம் தேதி போனேன். சிலுவையம்மாள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். ஒரு சாணில் நிறுத்தாதது, இரண்டு தகடு வந்தது, கோடு, சுப்பராயன், கையெழுத்து, எதையும் விடவில்லை. நான் முடிக்கும் வரை வெள்ளத்துரை வலைக்கண்ணைக் கோத்துக்கொண்டே இருந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊசியைக் கீழே வைத்தான். "ரெண்டு பிளேட்டா?" என்றான். ஆமாம் என்றேன்.

"அப்போ நான் கோட்டுக்கு வெளியத்தான் நின்னுகினு இருந்தேன்."

அதையே இன்னொரு தடவை சொன்னான். பிறகு திரும்பிச் சம்சாரத்தைப் பார்த்தான். "கேட்டியா, சிலுவ? நான் ஒயுங்காத்தான் நின்னுகினு இருந்தேன். கால்தான் பூட்சி, புத்தி பூடல." இந்த ஏழு மாதமாகத் தன்னைத்தானே முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்தவன், எழில். காலைப் பற்றிக்கூட அப்படிப் பேசவில்லை. கோட்டைப் பற்றித்தான் பேசினான். அவள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "நீ இப்போ போ மாமு" என்றான் அவன். வந்துவிட்டேன்.

மறுநாள் விசாரணை அதிகாரியிடம் போய்ப் புது வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். யார்டில் கிரேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வழக்கு மறுபடி எடுக்கப்படும் என்கிறார்கள். என் பேரிலும் வரும். வரட்டும். இப்போதைக்கு மூலக்கடையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வேலைக்குப் போகிறேன். தரையில் நின்று செய்கிற வேலை.

நேற்று மறுபடி காத்திவாக்கம் போனேன். சிலுவையம்மாள் முகம் கொடுக்கவில்லை. ஆனால் உட்காரச் சொன்னாள். ஏப்ரல் மாதத்து உன் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து, படிக்கட்டுமா என்று வெள்ளத்துரையைக் கேட்டேன். தலையாட்டினான். படித்தேன். அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னேன், உன் துகளும் ஒன்று என்று நினைத்து நாலைந்தைத் தூக்கியதை. முதல் தடவையாகச் சிரித்தான். உன் தங்கச்சியும் தட்டிப் பாக்கலியா என்று கேட்டான். இப்போது தட்டிப் பார்க்கிறாள் என்றேன்.

நீ காலியாக வைத்திருக்கும் அந்த இடத்தைப் பற்றிக் கேட்டேன். தட்டிப் பார்த்துக் கற்றுக்கொடுத்தவன் நீதான், உன் பெயரைப் போடச் சொல்லட்டுமா என்றேன். யோசித்தான். ஜப்பானில் எத்தனை பேர் படிப்பார்கள் என்று கேட்டான். நிறையப் பேர் என்றேன்.

"போடச் சொல்லு. வெள்ளத்துரை, காத்திவாக்கம். கோட்டுக்கு வெளிய நின்னவன்னு போடச் சொல்லு" என்றான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அவர்கள் வழக்கத்தில் இப்படிப் போட முடியுமா என்று உன் பேராசிரியரைக் கேட்டு எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
செங்குட்டுவன்